வீட்டு அடைசல், மன அடைசல்: 780 சதுர அடியில் எங்கே கை வைப்பது?

கீழ்வீடு (கேள்வி)

வணக்கம். சென்னையில் 780 சதுர அடி, இரண்டு படுக்கையறை வாடகை வீடு. பெரியவர்கள் மூன்று பேர், அதில் மாமியாருக்கு 71 வயது. பள்ளிக்குப் போகும் பெண் ஒருத்தி. இரண்டு பரணும் நிரம்பிவிட்டன. கட்டிலுக்கு அடியில் சூட்கேஸ்கள், பால்கனியில் அட்டைப்பெட்டிகள். சாப்பாட்டு மேசையில் பாதியை எப்போதும் காகிதமும் மருந்தும் பிடித்துக்கொள்கின்றன. வீட்டுக்குள் நுழைந்ததுமே எரிச்சல் வருகிறது. ஒதுக்க ஆரம்பித்தால் பாதியில் அலுத்துப்போகிறது.

அடைசலைக் குறைத்தால் மனசு லேசாகும் என்கிறார்களே, அதில் உண்மை எவ்வளவு, பெட்டி விற்பவர்கள் பேச்சு எவ்வளவு? வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எங்கே தொடங்குவது? ஒவ்வொரு போகிக்கும் எல்லாவற்றையும் இறக்குகிறோம். தை பிறந்து பத்து நாளில் அதே சாமான் அதே பரணுக்கு ஏறிவிடுகிறது. மாமியார் எதையும் தூக்கிப்போட விடமாட்டார், அது வேறு.

"டப்பா வாங்குங்கள், லேபிள் ஒட்டுங்கள்" வேண்டாம். டப்பா ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

---

பரணேறி

பரணுக்கே திரும்புவது ஏன் என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இறக்குகிறீர்கள், பிரிக்கிறீர்கள், வெளியே அனுப்புவதில்லை. பிரித்த மூட்டை கூடத்தில் ஒரு வாரம் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், விருந்தாளி வருவார், "இப்போதைக்கு மேலே போடு" என்று ஏற்றிவிடுவோம். அடுத்த வருடம் அதே மூட்டையை அவிழ்த்து அதே யோசனையை மறுபடி யோசிக்க வேண்டும். அலுப்பு வருவது இந்த இரண்டாம் யோசனையில்தான்.

அதனால் முதல் வார மூன்று மணி நேரத்தில் ஒரு சாமானையும் தொடாதீர்கள். எது எந்த வழியாக, எந்த நாளில் வெளியே போகும் என்பதை மட்டும் பேசி முடியுங்கள்.

காகிதம், அட்டை, இரும்பு, கெட்டிப் பிளாஸ்டிக்: பழைய பேப்பர் கடை. உங்கள் தெருவுக்கு வண்டி எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு, அதற்கு முந்தைய நாளில் பிரிக்கும் வேலையை வையுங்கள். பெட்டி எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசு வீட்டில் இருந்தால் எடைச் சண்டை வராது.

எவர்சில்வர், பித்தளை, வெண்கலம், செம்பு: பழசுக்குப் புதுசு கொடுக்கும் பாத்திரக்கடை. உலோகவாரியாகத் தனித்தனிப் பையில் கொண்டுபோங்கள். ஒரே கோணியில் கலந்து போனால் எல்லாவற்றுக்கும் விலை குறைந்த உலோகத்தின் கணக்குத்தான் போடுவார்கள். வெண்கலத்தைத் தட்டினால் மணி போல ஓசை நீண்டு வரும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். பழசைக் கொடுத்துப் புதுப் பாத்திரம் வாங்கி வந்தால் அடைசல் குறையாது, பளபளக்கும், அவ்வளவுதான். காசாகத் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

துணி: துவைத்து, பொத்தான் இருந்து, ஜிப் வேலை செய்தால் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். கிழிசலைக் கொடுப்பது அவர் வீட்டில் குப்பை கொட்டுவதுதான். பழைய வேட்டி, காட்டன் புடவையில் துடைக்கும் துணி வெட்டிக்கொள்ளுங்கள், ஆறு துண்டு போதும். "துடைக்க ஆகும்" என்று பனியன் மூட்டையே கட்டி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

மின்சாதனம், சார்ஜர், பேட்டரி: காயலான் கடைக்குப் போடாதீர்கள். கம்பியிலிருக்கும் செம்புக்காக மேலுறையை எரிப்பார்கள், போர்டை அமிலத்தில் போடுவார்கள். பதிவு பெற்ற மின்கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும். தூரமாக இருந்தால் ஒரு பையில் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும்.

வழி முடிவானதும் இரண்டாம் வாரம் கை வைக்க வேண்டிய இடம் பரண் அல்ல, சாப்பாட்டு மேசை. பரணை வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பீர்கள், மேசையை ஒரு நாளில் இருபது முறை. எரிச்சல் உற்பத்தியாகும் இடம் அதுதான். அதோடு, 40 நிமிடத்தில் முடிந்து கண்ணுக்குத் தெரியும் வேலையும் அது ஒன்றுதான்.

தரையில் பழைய போர்வை விரித்து மேசையில் இருப்பதை எல்லாம் அதில் இறக்குங்கள். மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குவியலைப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மின்கட்டண ரசீது, பூட்டில்லாத சாவி இரண்டு, எந்த போனுக்கும் சேராத சார்ஜர், பாதி தின்ற மாத்திரை அட்டை, பள்ளிச் சுற்றறிக்கை, தலைக்கு மாட்டும் கிளிப், கூரியர் உறை, கல்யாணத்தில் கொடுத்த குங்குமச் சிமிழ். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "அடுத்த ஒரு வருடத்தில் இதை யார், எப்போது எடுப்பார்கள்?" என்று கேளுங்கள். ஆளோ நாளோ சொல்ல முடிந்தால் இருக்கட்டும். முடியாவிட்டால் வெளியேறும் பைக்கு. நிஜமாகவே குழப்பமென்றால் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் ஒன்றில் போட்டு, மூடி மேல் மூன்று மாதம் தள்ளித் தேதி எழுதுங்கள். வீடு முழுவதற்கும் அந்த ஒரே பக்கெட்தான். நிரம்பினால் உள்ளே ஒன்றை முடிவு செய்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடலாம். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் "தெரியாது" என்பதே புதுப் பரண் ஆகிவிடும்.

முக்கியமான கட்டம் கடைசிப் பத்து நிமிடம். மேசை நிரம்புவதற்குக் காரணம் சோம்பல் என்று வீட்டில் ஆளாளுக்குக் குற்றம் சொல்வார்கள். உண்மையில் சாவி, மருந்து, ரசீது, சார்ஜர், சுற்றறிக்கை ஐந்துக்கும் வீட்டில் வேறு இடமே கிடையாது. வாசல் பக்கம் சாவிக்கு ஆணி, சுற்றறிக்கைக்கு ஃபிரிட்ஜ் கதவில் கிளிப், ரசீதுக்கு ஒரே ஓர் உறை, சார்ஜருக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். மருந்துக்கு மூடியுள்ள டப்பா, சமையலறைச் சூடும் குழந்தை கையும் எட்டாத தட்டில். இந்த ஐந்துக்கும் இடம் தராமல் மேசையைக் காலி செய்தால் நான்காம் நாள் பழையபடி நிரம்பும்.

மூன்றாம் வாரம் சமையலறை. பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி சேர்த்துப் பாருங்கள். சேராததும் கறை பிடித்ததும் வெளியே, மிச்சத்தில் ஆறு வைத்துக்கொள்ளலாம். தாம்பூலப் பை பத்து போதும். ரவிக்கைத் துண்டு வீட்டுக்கு வீடு சுற்றிவரும் நாணயம் மாதிரி, தைக்கப் போவது எத்தனை என்று எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த நவராத்திரி வெற்றிலைபாக்குக்கு ஒரே உறையில் போட்டுவிடுங்கள்.

பரண் நான்காம் வாரம்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தால் வெயில் ஏறுமுன், காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். மூக்குக்கு என்95 முகக்கவசம், ஏணியைப் பிடிக்கக் கீழே ஓர் ஆள், ஒரு தடவை இறக்கும் சுமை 10 கிலோவுக்குள். எலிப்புழுக்கை கிடந்தால் உலர்ந்தபடி பெருக்காதீர்கள், தூசியோடு மூக்கில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவம், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டு ஈரத்தாளால் அள்ளுங்கள். திரும்ப ஏற வேண்டியது வருடத்தில் ஒரு தேதி உள்ள சாமான் மட்டும்: கொலுப் பொம்மை, பொங்கல் பானை, ஊர்ப் பயணப் பெட்டி.

அட்டைப்பெட்டி கரப்பானுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. அலையலையான மடிப்பில் முட்டை வைக்கும், பசையைத் தின்னும். வாடகை வீடு, மாறும்போது வேண்டுமே என்பீர்கள். சாமான் ஏற்றும் ஆட்கள் பெட்டி கொண்டுவருவார்கள். டிவிக்கு அதன் மூலைத் தெர்மோகோல் துண்டுகளும் மடித்த அட்டையும் மட்டும் வைத்தால் போதும்.

---

மனநலப்பணி

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உண்மை இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் இருவரும் வேலைக்குப் போகும் 30 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. தங்கள் வீட்டை அவர்களே சுற்றிக்காட்டி விவரிக்கச் சொன்னார்கள். "இரைந்து கிடக்கிறது", "முடிக்காமல் கிடக்கிறது" என்ற பொருளில் அதிகம் பேசிய மனைவிகளிடம், காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டிய கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. பொழுது சாயச் சாய மனநிலையும் சோர்ந்தது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. ஏன் என்று யோசிக்க நம் வீடுகளில் பெரிய ஆராய்ச்சி தேவைப்படாது: ஒதுக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவருக்குத்தான் குவியல் வேலையாகத் தெரியும். ஆனால் அது தொடர்பைக் காட்டிய ஆய்வு. அடைசலால் அழுத்தமா, அழுத்தத்தால் அடைசலா என்று அதிலிருந்து தீர்ப்பு சொல்ல முடியாது.

கவனம் பற்றிய விஷயம் இன்னும் உறுதியானது. கண்ணெதிரே பல பொருள் இருந்தால் மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றோடொன்று போட்டியிடும். வேண்டாததை அமுக்கி வைப்பதற்கே உழைப்பு செலவாகும். குழந்தை படிக்கும் மேசையில் எதிரே தெரியும் பரப்பை மட்டும் காலியாக வைத்தாலே பயன் உண்டு. மூடிய அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது. அந்த வகையில் பரணேறி மேசையிலிருந்து தொடங்கச் சொன்னது சரி.

நடைமுறையில் தவறுவது வேறோர் இடத்தில். மனச்சோர்வில் இருப்பவருக்கு வீடு குலைவது பல நேரம் நோயின் விளைவு. குளிக்கவே மனமில்லாத ஆளிடம் "வீட்டை ஒழுங்கா வெச்சா மனசு தெளியும்" என்றால் முடியாத வேலை ஒன்றும் அதோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு அளவைச் சுருக்க வேண்டும். பத்து நிமிடம், ஒரே பரப்பு, நாளின் ஒரே நேரம். தலைமாட்டு ஸ்டூல், அல்லது குளியலறை அலமாரியின் ஒரு தட்டு. மணி அடித்ததும் பாதியாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் முடிந்தால் அதே இடத்தில் தொடரலாம். சோர்வுக்கான சிகிச்சையில் சின்னச் செயல்களை நாள்குறித்துச் செய்யவைக்கும் முறை இருக்கிறது, இது அதற்குத் துணை போகும். மருந்துக்கும் ஆலோசனைக்கும் மாற்று ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் மூன்றும் குறைந்திருந்தால் முதலில் மருத்துவர், பிறகு மேசை.

இன்னொன்று, சேர்த்து வைக்கும் நோய். 2013 முதல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் இது தனி நோய். சாமான் நிறைய இருப்பது மட்டும் இதற்கு அடையாளமில்லை. பொருளின் மதிப்பு எதுவானாலும் விட முடியாத வேதனை, அதனால் அறை அதன் வேலைக்குப் பயன்படாமல் போவது, இரண்டும் சேர வேண்டும். அடுப்பில் சமைக்க முடியவில்லை, கட்டிலில் படுக்க இடமில்லை, கதவு முழுக்கத் திறக்காது, கெட்ட உணவும் வெளியே போகாது என்றால் அந்தத் திசையில் யோசிக்கலாம். அப்படிப்பட்டவர் ஊருக்குப் போன நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்யாதீர்கள். பதற்றம் கூடும், நம்பிக்கை போகும், மறுபடி நிரம்பும். 60 வயதுக்கு மேல் திடீரென்று குப்பை சேர்க்கும் பழக்கம் வந்து, கூடவே மறதியோ குணமாற்றமோ இருந்தால் மூளை சம்பந்தமான பரிசோதனை அவசியம். பேசிப்பார்க்க மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

உங்கள் மாமியார் பற்றி எழுதியதில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. விட மனம் வராததெல்லாம் நோயாகாது.

---

ஒரேமூச்சு

வாரா வாரம் மூன்று மணி நேரம் என்பது எல்லாருக்கும் ஒத்துவராது. நாலு வாரமும் வீடு பாதி பிரித்தபடி கிடந்தால் அதுவே தலைவலி. இரண்டு நாள் விடுப்பு போட்டு, பள்ளி விடுமுறையில் குழந்தையைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரே மூச்சில் முடிப்பது சிலருக்கு நல்லது. வீடு மாறப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் அப்படித்தான், ஏற்றிய பின் பிரிப்பது நடக்காத கதை. போகியும் ஒரே நாள் வேலைதானே?

---

பரணேறி

@ஒரேமூச்சு, தனியாக இருப்பவருக்கும் வீடு மாறுபவருக்கும் சரி. நாலு பேர் சாமான் உள்ள வீட்டில் மூன்றாம் மணி நேரத்துக்கு மேல் முடிவெடுக்கும் தெம்பு போய்விடும். அதற்கப்புறம் இரண்டில் ஒன்று: எல்லாவற்றையும் வைத்துக்கொள்வோம், அல்லது எல்லாவற்றையும் எறிந்துவிட்டு மறுநாள் குப்பைத்தொட்டியில் தேடுவோம். நான் சொன்ன முறையில் எந்த நேரமும் ஒரே ஓர் இடம்தான் பிரிந்து கிடக்கும், அதுவும் அன்றே மூடப்படும்.

போகிக்கு எல்லாரும் சொல்லும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" நன்னூல் சூத்திரம், சொற்கள் வழக்கொழிவதையும் புதிதாக வருவதையும் பற்றியது. பாயைக் கொளுத்தச் சொல்லவில்லை. "கால வகையினானே", அதாவது காலப்போக்கில் அப்படி நடப்பது பிழையல்ல என்றுதான் முடிகிறது! பழைய பாய், துணி, டயரைச் சென்னை மாநகராட்சி போகிக்கு முந்தைய நாட்களில் தனியாக வாங்கிக்கொள்கிறது, அந்த வழியையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

---

கீழ்வீடு

மிக்க நன்றி. மேசையில் ஆரம்பிக்கிறோம். காகிதத்தில்தான் மாட்டிக்கொள்வோம் என்று தெரிகிறது. மாமனார் காலத்து ஃபைல்கள் மட்டும் இரண்டு தகரப் பெட்டி. எதை எத்தனை வருடம் வைக்க வேண்டும்? மாமியார் விஷயத்தையும் யாராவது தொட்டால் உதவியாக இருக்கும்.

---

பத்திரக்கட்டு

தகரப் பெட்டியைத் திறக்கும்போது எடுத்தவுடன் எறியும் வேலை வேண்டாம். ஒவ்வொரு தாளையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். காகிதப் பங்குப் பத்திரம், வங்கி வைப்புநிதி ரசீது, அஞ்சலகப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை சம்பந்தமே இல்லாத ஃபைலில்தான் கிடக்கும். பத்து ஆண்டு உரிமை கோராத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கி பராமரிக்கும் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் வாரிசு கேட்டுப் பெறலாம். இதற்காக ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயர் கொடுத்துத் தேடிப்பார்க்கலாம். பழைய 500, 1000 ரூபாய் நோட்டு கிடைத்தால் ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைக்கலாம். 2017 சட்டப்படி சாதாரண ஆள் பத்து நோட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

என்றைக்கும் வைக்க வேண்டியவை: தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, உயில், வாரிசுச் சான்று, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், பத்தாம் வகுப்பு முதல் கல்விச் சான்றுகள், சாதிச் சான்று, ஓய்வூதிய ஆணை. வீட்டுக் கடன் முடிந்த சான்று பத்திரத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும், தனியாகப் போனால் விற்கும்போதுதான் தேடுவீர்கள்.

வருமான வரிக் காகிதம் ஒரு நிதியாண்டுக்கு ஓர் உறை, எட்டு ஆண்டு வைத்தால் பெரும்பாலான சம்பளக்காரர்களுக்குப் போதும். நிலம், வீடு, நகை வாங்கிய ரசீது மட்டும் விற்கும்வரை, விற்ற பிறகும் அந்த எட்டு ஆண்டு. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ஒரு வருடத்துக்கு ஆறு, அதற்கு மேல் தேவையில்லை. வாடகை ஒப்பந்தம் இப்போதையது, அதற்கு முந்தையது. அட்வான்ஸ் கொடுத்த ரசீது, பணம் கைக்குத் திரும்பும்வரை.

மருத்துவக் காகிதத்தில்தான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐந்து வருடத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டையெல்லாம் சேர்த்துவைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்துவிடுவார்கள். அறுவை சிகிச்சை, ஸ்டென்ட் அட்டை, பயாப்ஸி முடிவு, மருந்து ஒவ்வாமைக் குறிப்பு இவை ஆயுள் முழுக்க. சாதாரணப் பரிசோதனைச் சீட்டு இரண்டு மூன்று வருடம். இசிஜியும் கடை ரசீதும் வெப்பத்தாளில் அச்சாகும், சில வருடத்தில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். இன்றே நகல் எடுங்கள்.

லேமினேஷன் போடாதீர்கள். பசை தாளோடு உருகிவிடும், பிறகு பிரிக்க முடியாது, பின்பக்க முத்திரை மங்கும், சில அலுவலகங்களில் வாங்கவும் மாட்டார்கள். குண்டூசி, ஸ்டேப்லர் பின் கழற்றுங்கள், துரு தாளைத் தின்னும். அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் அந்தந்தத் துறை நேரடியாக வழங்கும் சான்று அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான், அதை நம்பி அசலை எறியக் கூடாது.

கழிக்கும் காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்கு அப்படியே போட்டால் ஆதார் நகல் பஜ்ஜிப் பொட்டலமாகத் திரும்பி வரும். எண், கையெழுத்து, புகைப்படம் உள்ள தாள்களைத் தனியாக எடுத்துக் கிழித்து, ஒரு பக்கெட் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. கூரியர் பெட்டி மேலிருக்கும் முகவரிச் சீட்டும் அதே பக்கெட்டுக்கு.

---

திண்ணைப்பேச்சு

அத்தை விஷயம். "இது எதுக்கு, தூக்கிப் போடலாமே" என்று தொடங்கினால் அவர் காதில் விழுவது வேறு. நாற்பது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த குடித்தனம் குப்பை என்று மருமகள் சொல்வதாகத்தான் விழும். கேள்வியை மாற்றுங்கள். "அத்தை, இந்த வெண்கலப் பானை யாருக்குப் போகணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றால் பேச்சு எறிவதிலிருந்து கொடுப்பதற்குத் திரும்பும். பெயர் வெட்டிய பாத்திரம், சீர் வந்தது, எல்லாவற்றுக்கும் அவர் மனதில் ஏற்கெனவே ஒருத்தி இருப்பாள். அடுத்த விசேஷத்துக்குக் காத்திருக்காமல் அந்த மாதமே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதல் நாள் பாத்திரத்திலோ மாமனார் துணியிலோ கை வைக்க வேண்டாம். காலாவதியான மருந்து, மூடியில்லாத டப்பா, ஹேண்டில் உடைந்த குக்கர் போல ஞாபகம் ஒட்டாத சாமானிலிருந்து போங்கள். இறந்தவர் துணியைப் பதினாறாம் நாளே கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு, வருடக்கணக்கில் பீரோவில் வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் தப்பில்லை. கண்ணாடி, கைக்கடிகாரம், ஒரு சட்டை என்று அவரே எடுத்து வைக்கட்டும், மிச்சத்துக்கு நாள் குறிப்பதும் அவரே.

அவருக்கென்று ஒரு பீரோ, ஒரு தட்டு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது, அது எப்படிக் கிடந்தாலும் சரி. இந்த எல்லை உறுதியானால் மற்ற இடங்களில் பிடி தளர்வது சகஜம். தெரியாமல் எடுத்து எறிந்தது ஒரே ஒரு தடவை தெரிந்துபோனாலும் அப்புறம் தீப்பெட்டியைக்கூட விடமாட்டார்.

அவர் ஒப்புக்கொள்ளக் கூடிய ஒரே வாதம் கால் தடுக்குவது. கட்டிலிலிருந்து கழிவறை வரை மூன்றடி அகல வழி, தரையில் சூட்கேஸோ மிதியடிச் சுருளோ இல்லாமல், இரவு விளக்கோடு. 71 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நீங்கள் சொல்லவே வேண்டாம், தெருவில் யாருக்காவது நடந்திருக்கும். கட்டிலடிச் சாமான் இந்தப் பேச்சில் தானாகவே வெளியே வரும்.

எதை வெளியே அனுப்பினாலும் முன்னால் சோதியுங்கள். புடவை மடிப்பு, பருப்பு டப்பா அடி, தலையணை உறை, சாமி படத்தின் பின்பக்கம். பணமும் மூக்குத்தியும் அங்கேதான் இருக்கும். தெருவில் வரும் பழைய பட்டு வாங்குபவரிடம் ஜரிகை அசலா என்று தெரியாமல் கொடுக்காதீர்கள். அசல் வெள்ளி ஜரிகை என்றால் அவர் சொல்லும் விலைக்கு மேல் பெறும். வைத்துக்கொள்ளும் பட்டைப் பாலிதீன் உறையில் போட வேண்டாம். பழைய மல் வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே ஜரிகை இற்றுப்போகும்.

---

மனநலப்பணி

பிரித்து முடித்துத் திரும்ப அடுக்கும்போது கவனிக்க இரண்டு.

பாச்சை உருண்டை. அதோடு பீரோவில் வைத்த துணியைக் குழந்தைக்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது. அதிலுள்ள நாஃப்தலீன் ஆவி பச்சிளம் குழந்தைகளுக்கும், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். உறவில் யாருக்காவது பழைய குழந்தைத் துணியைக் கொடுக்கிறீர்கள் என்றால் துவைத்து, வாசனை போகும்வரை வெளியே காயவைத்துவிட்டுக் கொடுங்கள்.

உப்பிய போன் பேட்டரி. மேசை இழுப்பறையில் நிச்சயம் ஒன்று இருக்கும். அமுக்கவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, மற்ற மின்கழிவோடு ஒரே பையிலும் போடாதீர்கள். தகர டப்பாவில் காய்ந்த மணல் போட்டு அதற்குள் புதைத்து, மூடியை இறுக்காமல், வெயிலும் துணியும் படாத இடத்தில் வைத்துவிட்டு, முதல் மின்கழிவு நடையிலேயே கொண்டுபோங்கள். அந்த டப்பாவைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்.